புத்தளக் களப்பும் பனி மிதக்கும் நுழைகழியும்

புத்தளம் என்னும் பெயர் ‘உப்புத்தளம்’ என்பதன் திரிபு என்று கூறுவர். முன்னின்ற எழுத்துகள் காலப்போக்கில் தேய்ந்து போயின. உப்பு மட்டும் தேயவில்லை. பெயராராய்ச்சியாளர் இதனை ஏற்பரோ மறுப்பரோ, பங்குனி வெயிலில் அவ்வூரின் தென்புறமாக ஒருமுறை நடந்து வந்தவர் வேறு விளக்கம் தேடமாட்டார். 1344ஆம் ஆண்டில் இப்பக்கத்துக் கரையில் வந்திறங்கிய அரபுப் பிரயாணி இபன் பதூதா ‘பத்தாலா’ என்று குறித்த ஊர் இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு. அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. கரையெங்கும் கறுவாக் கட்டைகள் கிடந்ததையும், அவற்றை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியதையும் அவர் எழுதிவைத்தார். நீர் சுமந்து வரும் பொருள்களுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

கொழும்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில் புத்தளம் இருக்கிறது. சிலாபம் வரையில் தென்னந்தோப்பு விட்டுப் பிரிவதில்லை. முன்னேசுவரத்தில் வணங்கி, கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டுக்குப் பேர்போன உடப்பை மேற்கே விட்டு, முந்தலைக் கடந்ததும் நிலம் வறண்டு வெளுக்கத் தொடங்குகிறது. கைவிடப்பட்ட இறால் பண்ணைகளின் வெற்றுக் குளங்கள் ஆங்காங்கே தென்படுகின்றன. 1980களில் கண்டல் மரங்களை வெட்டி அவசரமாகத் தோண்டியவை; 1990களில் வெண்புள்ளி நோய் வந்ததும் பலவற்றை அவ்வாறே விட்டுச் சென்றனர். அவற்றுட் சில இன்று உப்புப் பாத்திகளாகிவிட்டன. பாலாவிச் சந்தியில் ஒரு வழி புத்தளத்துக்கும், மற்றொன்று மேற்கே கற்பிட்டிக்கும் பிரிகிறது. உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பது இந்தச் சந்தியை அடுத்தேதான்.

உப்புச் செய்தல் என்று ஏட்டில் எழுதுகிறோம். உப்பளத்தில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. உப்பு ‘விளைகிறது’ என்பார்கள். நெல்லைப் போல அதற்கும் பாத்தி உண்டு, வரம்பு உண்டு, மடை உண்டு, காலம் உண்டு. களப்பு நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்தி, பின்னர்ப் படிப்படியாகச் சிறு பாத்திகளுக்குக் கடத்துகிறார்கள். நீரின் செறிவை அளக்க ஒரு கண்ணாடி மானியை மிதக்க விடுகிறார்கள். கடலில் 3 பாகை காட்டும் அது, 15 பாகையளவில் நிற்கும்போது கல்லுப்பு அல்ல, சுண்ணச் சத்தான உறைகளிக்கல்லே படிகிறது. 25 பாகையில்தான் நாம் உண்ணும் உப்பு பிறக்கிறது. 30ஐ நெருங்கினால் கசக்கும் உப்புகள் கூடிவிடும். ஆகையால் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். பள்ளியில் மாதக்கணக்கில் சொல்லித்தந்தும் மாணாக்கர் மனத்தில் நில்லாத கரைசற் பாடம், ஒரு பாத்தியின் வரம்பில் அரைமணி நேரம் நின்றால் நின்றுவிடுகிறது!

நாம் மாணாக்கர் பன்னிருவருடன் அங்கே சென்ற நாளில் நண்பகலில் காற்று விழுந்திருந்தது. பாத்தியின் மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. நுரை என்று எண்ணி ஒரு மாணவன் விரலால் தொட்டான். படலம் உடைந்து, துண்டு துண்டாக நீருள் ஆழ்ந்தது.

“தொடாதீங்க பிள்ளைகளே, உப்புப் பூக்குது,” என்றார் பாத்தி காத்து நின்ற முதியவர்.

“உப்பு தண்ணீரைவிடப் பாரமல்லவா, நானா? எப்படி மிதக்கும்?” என்று அம்மாணவன் கேட்டான்.

“பாரம்தான். காத்து வரும்வரைக்கும் மிதக்கும்,” என்றார் அவர்.

இதனைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் நம்மால் சொல்லியிருக்க முடியாது. உப்புப் பளிங்கு அந்நீரைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தி கொண்டது. ஆயினும் நீரின் மேற்பரப்பு இழுவிசை, சிறு பளிங்கைத் தோல்போல் தாங்குகிறது. தாங்கப்பட்ட பளிங்கு விளிம்பில் வளர்ந்து வளர்ந்து, தலைகீழான வெற்றுக் கூம்பு போலாகி, அண்டையிலுள்ளவற்றோடு ஒட்டிப் படலமாகிறது. சிறு காற்றடித்தால் படலம் பாத்தியின் ஒரு மூலையில் ஒதுங்கி நெருங்கும். பெருங்காற்றடித்தால் உடைந்து அமிழும். ஒதுங்கிய மூலையைப் பார்த்த மற்றொரு மாணவி, “புவியியற் புத்தகத்திலுள்ள கிறீன்லாந்துப் படம் போலிருக்கிறது,” என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனினும் அவ்வொப்புமை எம்மை விடவில்லை. கிறீன்லாந்தின் மேற்குக் கரையில் இலுலிசாத் என்றோர் ஊர் உண்டு. அந்நாட்டு மொழியில் அப்பெயருக்குப் ‘பனிப்பாறைகள்’ என்பதே பொருள். உப்பினால் பெயர் பெற்ற ஊர் இங்கே. பனியினால் பெயர் பெற்ற ஊர் அங்கே. இங்கே கடல் நிலத்துள் புகுந்து களப்பாகியிருக்கிறது, அங்கே நுழைகழியாகியிருக்கிறது.

ஒப்புமை அவ்வளவோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தளக் களப்பு 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வடக்கே கடலுக்குத் திறந்திருக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில் விழுகின்றன. ஆனால் ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரத்தை எட்டாது. தென்கோடியில் வெயில் காலத்து நீர், கடலைவிட உப்புக் கரிக்கிறது. நுழைகழி அப்படியன்று. பனிக்கட்டியாறு பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் குடைந்து இறங்கிய பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்தால் அது நுழைகழி. இலுலிசாத் நுழைகழி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. உள்ளே 800 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழம். முகத்துவாரத்திலோ பழைய பனிக்கட்டியாறு கொண்டுவந்து குவித்த மேடு கிடப்பதால் 200 முதல் 250 மீற்றர் ஆழமே. பெரும் பனிப்பாறைகள் அம்மேட்டில் தரைதட்டி, கரைந்து சிறுத்த பின்னரே வெளிக்கடலுக்கு விடுதலை பெறுகின்றன. 1912இல் ‘டைட்டானிக்’ கப்பலை மூழ்கடித்த பனிப்பாறையும் இவ்வாயிலிலிருந்தே புறப்பட்டிருக்கலாம் என்று நம்புவோர் பலர்.

நோர்வேயில் நம் உறவினர் பலர் வாழ்கின்றனர். 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டின் வடகோடியிலுள்ள மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்யச் சென்ற தமிழருக்கு நுழைகழி புதுமையான காட்சியன்று; சன்னலைத் திறந்தால் தெரிவது அதுதான். ஆயினும் நோர்வேயின் பெருநிலத்தில் கடலைத் தொடும் பனிக்கட்டியாறு இன்று இல்லை. அந்நாட்டுக்குரிய சுவல்பார்ட் தீவுகளிலும், கிறீன்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களிலுமே அதனைக் காணலாம். மலையிலிருந்து இறங்கும் பனிக்கட்டியாறு கடலோரத்தில் செங்குத்துச் சுவராக முடிகிறது. சுவரின் முகப்பு பிளந்து, மாளிகையளவு துண்டுகள் கடலில் விழுகின்றன. விழுந்த பெரும்பாறை, சிறுபாறை, பொடி யாவும் குறுகிய கழிக்குள் நெருங்கி மிதக்கின்றன. இம்மிதக்கும் கூட்டத்துக்குக் ‘கலவை’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லையே அறிஞர் வழங்குகின்றனர். நாமும் பனிக்கலவை என்றே சொல்வோம்.

அது அமைதியான காட்சி என்று எண்ணிவிட வேண்டாம். பனிக்கட்டியாற்றின் பனியில் முற்காலக் காற்று குமிழ்களாக அழுத்தப்பட்டிருக்கிறது. பனி உருகும்போது அக்குமிழ்கள் நீருக்குள் வெடித்துக்கொண்டேயிருக்கின்றன. கடலில் இயற்கையாக எழும் ஒலிகளுள் பனிக்கட்டியாறு விழும் கழிகளின் ஒலியே மிகுந்தது என நீருள் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டவர்கள் கண்டனர். பெருந்துண்டு புரண்டு விழுந்தால் நிலநடுக்கமானிகளும் அதிர்கின்றன.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இரு புறமும் நீர், நடுவே மணல். தலவில அன்னம்மாள் ஆலயத்தையும், காற்றாலைகளையும், மிளகாய்த் தோட்டங்களையும் கடந்து குடாநாட்டின் வடமுனைக்குச் சென்றால் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை நிற்கிறது. அதற்கு முன் அங்கே போர்த்துக்கேயரின் யேசுசபைக் கோயில் இருந்தது. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் இது என்பதை மாணாக்கருக்கு நினைவூட்டினோம். அவர்கள் கவனம் முழுதும் மீன் இறங்கும் துறையில் இருந்தது. குற்றம் சொல்வதற்கில்லை, பாரை மீன் பளபளக்கும்போது எந்த நூலாசிரியர் எதிர்நிற்க முடியும்?

துறையில் ஒரு மீன்பெட்டியில் ஐஸ் கட்டிகள் பாதி உருகிய நீரில் மிதந்தன. முதலில் உப்பைத் தொட்ட அதே மாணவன் அங்கே நம்மை மடக்கினான். “மிதக்கும் ஐஸ் உருகினால் பெட்டியில் நீர்மட்டம் உயராது என்று சொல்லித்தந்தீர்களே. அப்படியானால் கிறீன்லாந்தின் கழியில் மிதப்பது உருகினால் என்ன, உருகாவிட்டால் என்ன?”

கேள்வி நியாயமானது. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை முன்பே ஒதுக்கிவிட்டது. பத்தில் ஒரு பங்கு மேலேயும் ஒன்பது பங்கு கீழேயுமாக அது மிதக்கிறது. உருகினால் தான் ஒதுக்கிய இடத்தையே நிரப்புகிறது. கடல்நீர் உப்பானதால் வரும் வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே பனிக்கலவை முழுதும் இன்றிரவே உருகிவிட்டாலும் புத்தளத்தில் எவர் காலும் அதனால் நனையாது.

ஆனால் அக்கலவை அங்கே சும்மா மிதக்கவில்லை. திருவிழாக் கூட்டம் கோயில் வாயிலில் நெருங்கி நிற்கும்போது உள்ளேயிருப்பவர் வெளியே வர இயலாதல்லவா? அதுபோல் கழியின் இரு சுவர்களுக்கிடையே நெருங்கி நிற்கும் பனித்துண்டுகள், பின்னாலிருக்கும் பனிக்கட்டியாற்றின் முகப்பைத் தடுத்து நிற்கின்றன. மாரிகாலத்தில் இடைவெளிகளிலுள்ள கடல்நீரும் உறைந்து அத்துண்டுகளை ஒன்றாகப் பிணைத்துவிடும். அப்போது முகப்பிலிருந்து பிளந்த பாறை புரண்டு விழ இடமில்லை. பனிக்கட்டியாறு முறியாமல் முன்னோக்கி வளர்கிறது. கோடையில் பிணைப்புத் தளர்ந்ததும் முகப்பு மளமளவென்று முறிந்து பின்வாங்குகிறது. மிதப்பது கடலை உயர்த்துவதில்லை. தரைமேல் இருப்பது கடலில் இறங்கினால் உயர்த்தும். மிதப்பதன் பயன், தரைமேல் இருப்பதற்கு வழிவிடாமல் நிற்பதே.

வழி திறந்தால் என்ன நேரும் என்பதையும் இலுலிசாத்திலேயே உலகம் கண்டது. அங்குள்ள பனிக்கட்டியாறு 1990களின் இறுதி வரையில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான மிதக்கும் நாக்கு ஒன்றைக் கழியினுள் நீட்டியிருந்தது. வெப்பமான அத்திலாந்திக்கு நீர் முகத்துவார மேட்டைக் கடந்து உள்ளே புகுந்து அடியிலிருந்து அதனை அரித்தது. 2003க்குள் அந்நாக்கு உடைந்து போயிற்று. அதன்பின் பனிக்கட்டியாறு ஓட்டமெடுத்தது. 2012 கோடையில் நாளொன்றுக்கு 40 மீற்றருக்கு மேல் நகர்ந்தது. 1990களின் நடுவில் இருந்த வேகம் இதில் பாதிக்கும் குறைவு. 2016 முதல் சில ஆண்டுகள் குளிர்ந்த நீர் வந்து அடைய, அது மீண்டும் தடித்து மெதுவாயிற்று. ஒரு வாயிலின் நீர் சற்றுச் சூடேறினாலும் குளிர்ந்தாலும் பெரும் பனிநாடே அசைகிறது என்பது இதனால் புலனாகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். 2002ஐத் தொடர்ந்த இருபதாண்டுகளில் கிறீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி தொன் பனியை இழந்தது. 36,000 கோடி தொன் நீர் உலகக் கடல்களை 1 மில்லிமீற்றர் உயர்த்தும். ஆகவே கிறீன்லாந்தின் பங்கு ஆண்டுக்கு முக்கால் மில்லிமீற்றர். அந்தாட்டிக்காவின் பனி, மலைப்பனி, சூடேறி விரியும் கடல்நீர் முதலியன சேர்ந்து 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் கடல் உயர்ந்தது. 1901 முதல் 2018 வரை கணக்கிட்டால் மொத்தம் 20 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண்.

இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. கிறீன்லாந்தின் பனித்திணிவு தன் ஈர்ப்பினால் சூழவுள்ள கடலைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த ஈர்ப்பும் குறைகிறது. கிறீன்லாந்தின் கரையில் கடல் தாழ்கிறது. அங்கே பிடி தளர்ந்த நீர் தொலைவிலுள்ள கரைகளை நாடிச் செல்கிறது. பனியைக் கண்ணால் கண்டிராத வெப்பநாட்டுக் கரைகளுக்கே அப்பனியின் நீர் வந்து சேர்கிறது என்பது எவ்வளவு விசித்திரம்!

ஒரு சாண் என்றால் அற்பம் என்று கொழும்பின் மாடிவீட்டில் இருப்பவர் நினைக்கலாம். புத்தளத்தில் கடலின் ஏற்றவற்றமே அரை மீற்றரளவுதான். உப்பளத்தின் வரம்பு முழங்கால் உயரம். அங்கே எல்லாக் கணக்கும் சாணில்தான் நடக்கிறது. உப்புவிளைச்சல் நீர் மிகுதியை எவ்வளவு அஞ்சுகிறது என்பதை நாடே அண்மையில் அறிந்தது: பருவம் தவறிய பெருமழையால் விளைச்சல் கெட்டு, நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. அது மழையின் வேலை, கடலின் வேலையன்று. எனினும் மழைவெள்ளம் வடிவதற்குக் களப்பு தாழ்ந்திருக்க வேண்டும். களப்பே உயர்ந்து நின்றால் வெள்ளம் எங்கே வடியும்?

இத்தாழ்நிலத்தில் வாழ்வோருட் பலர் ஏற்கெனவே ஒருமுறை வீடிழந்தவர்கள். 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் வந்து குடியேறினர். ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்வு கல்வீடாகப் பல்லாண்டு பிடித்தது. உப்பளக் கூலியும் தோட்டக் கூலியும் அவர்களைத் தாங்கின. இன்னொருமுறை இடம்பெயர்க என்று அவர்களிடம் சொல்லும் துணிவு எவருக்கு வரும்?

அதே குடாநாட்டில் நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கிறது. 2011இல் முதற்பகுதியும், 2014இல் ஏனையவையும் இயங்கத் தொடங்கின. அயல்நாட்டு நிலக்கரியைக் கப்பல்கள் கரைக்கு அப்பால் நின்று இறக்குகின்றன; தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறக்க முடியாது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. எம் மாணாக்கர் இரவில் படிக்கும் விளக்கும் அதில் எரிவதே. அந்தப் புகைபோக்கியை ஏசிவிட்டு வீட்டுக்கு வந்து மின்விசிறியைச் சுழற்றுவது நேர்மையாகாது. ஆயினும் அதன் புகை பனிநாட்டின் வாயிலைத் தளர்த்தும் புகைகளோடு சேர்கிறது என்பதையும், அதே வீதியில் சுழலும் காற்றாலைகள் கரி கேட்பதில்லை என்பதையும் மாணாக்கர் தாமே கண்டுகொண்டனர்.

கற்பிட்டியில் மிதப்பது இன்னொன்றும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. குடாநாடு வெறும் மணல். அதில் பெய்த மழை கீழிறங்கி, மணலினுள் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு இலேசானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நன்னீர் நின்றால், கீழே நாற்பது சாண் நன்னீர் மிதக்கும். கணக்கு மறுதலையாகவும் செல்லும்: மேலே ஒரு சாண் இறைத்துக் குறைத்தால், கீழே உப்புநீர் நாற்பது சாண் ஏற முயலும். தாழ்ந்த மணலில் கடல் உயர்ந்தாலும் அந்த ஒரு சாண் இடைவெளிதான் முதலில் சுருங்கும். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செழிப்பது இவ்வில்லையின் மேலேதான். உரம் மிகுந்து நைத்திரேற்றுக் கலப்பது அதற்கு இன்னொரு துன்பம்.

மாலையில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் தாகத்துக்கு நீர் கேட்டோம். ஆழம் ஓர் ஆளுக்குச் சற்று அதிகம். நீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இனிப்பாகவே இருந்தது. தோட்டக்காரர் வாளியைத் திருப்பி வாங்கிக்கொண்டே சொன்னார்: “இப்ப நல்லம், மாஸ்டர். ஆடி, ஆவணியில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல மோட்டர் போட்டா நாக்கில உப்புத் தட்டும். உடனே நிப்பாட்டிப் போடுவன். விடிய வந்து பார்த்தா தண்ணி திரும்ப நல்லாயிருக்கும்.”

இரண்டு மணித்தியாலம் என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டோம். தம் தகப்பனார் காலத்தில் அது நான்காக இருந்தது என்றார்.